முன்சீட்டில் மூன்று பேர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக்காரர் தன் காருக்குத் தானே கண்புரை வரவழைத்தார்.

வேறு யாராவது செய்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் வெளுத்துவிடும் என்று கடை வாசலைத் தாண்டுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவர். அவரேதான் மகளின் மேசையிலிருந்து அதே திரவத்தை எடுத்துவந்து, பஞ்சில் நனைத்து, காரின் மேல்விளக்குகள் இரண்டையும் அக்கறையாகத் தேய்த்தார். விளக்குகள் பால் நிறத்துக்கு மாறின. சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள், ஏழாம் வகுப்புக்காரி, "இனிமே ஆபரேஷன்தான்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எதற்காகத் தேய்த்தார் என்றால், பசை போவதற்காக. பசை எப்படி வந்தது என்றால், முந்தின நாள் சாயங்காலம் அந்த விளக்குகளின்மேல் கறுப்பு வெல்வெட் தாளை ஒட்டியிருந்தார். கடையில் பிரேம் அடுக்குகிற தட்டுகளுக்கு ஒட்டுகிற தாள். மறைக்கத்தான் ஒட்டினார். ஒட்டி முடித்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது கார் இரண்டு புருவத்தையும் உயர்த்திக்கொண்டு அவரையே பார்த்தது. எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயைச் செடியைவிட்டுத் தன் செருப்பின்மேல் பிடித்தபடி நின்றார். உடனே தாளைக் கிழித்தார். தாள் வந்தது, பசை வரவில்லை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எல்லாக் கார்களுக்கும் விளக்கு இருக்கிற இடத்தில் இதற்கும் இரண்டு விளக்கு உண்டு. அது போதாதென்று முன்கண்ணாடிக்குக் கீழே இடுப்பில் சதை மடிந்ததுபோல ஒரு புடைப்பு, அந்தப் புடைப்பில் உருண்டை உருண்டையாக இன்னும் இரண்டு விளக்கு. நீளம் குறைச்சல், அகலம் அதிகம். யாரோ பின்னாலிருந்து அமுக்கியதில் பக்கவாட்டில் பிதுங்கிய மாதிரி இருக்கும். மனைவியின் தம்பி முதல் நாளே அதற்குத் தவளை என்று பெயர் வைத்தான். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. இப்போது பெட்ரோல் போடுகிறவர்கூட "தவளைக்கு எவ்வளவு சார்?" என்றுதான் கேட்கிறார்.

அதை வைத்துக்கொண்டிருப்பதில் சில சௌகரியங்கள் உண்டு. எவ்வளவு பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்திலும் தேட வேண்டியதில்லை, அது தானாகவே கண்ணைக் குத்தும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையாட்டுவார்கள். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்தியபோது கண்ணாடிக்காரர் பதறிப்போய் எல்லாக் காகிதங்களையும் நீட்டினார். அவர் ஒன்றையும் வாங்கவில்லை. சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சும்மா பார்க்கலாம்னு" என்று அனுப்பிவிட்டார். அசௌகரியமும் உண்டு. உடம்பு சரியில்லை என்று ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு அப்படியே கடைத்தெருப் பக்கம் போய்வர முடியாது. மறுநாளே போன் வரும்: "உங்க வண்டியப் பார்த்தோமே."

ஆனால் உள்ளே ஏறிவிட்டால் அதன் சங்கதியே வேறு. முன்வரிசையில் இரண்டு பேர் உட்காருகிற இடத்தில் மூன்று சீட்டு. ஸ்டியரிங் பக்கம் அவர், நடுவில் மகள், அந்த ஜன்னலோரம் மனைவி. பின்சீட்டு முழுக்கப் பைகளுக்கு. எட்டு வருஷமாகக் காலையில் மூன்று பேரும் இப்படி ஒரே வரிசையில், சினிமா பார்க்க உட்கார்ந்த மாதிரி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவார்கள். முதலில் பள்ளிக்கூடம், பிறகு மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி, கடைசியில் கடை.

அந்த மூன்று சீட்டைப் பார்த்துத்தான் அவர் ஏமாந்தார். ஏமாந்தார் என்பது அவருடைய வார்த்தை. எல்லோரும் வாங்குகிற மாதிரி வெள்ளையாக ஒரு கார் வாங்கப் போனவர், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பழைய காரின் பின்சீட்டில் தனியாக அழுததை நினைத்துக்கொண்டு இதில் ஏறி உட்கார்ந்தார். விற்பனைக்காரர் குனிந்து, "உங்க ரசனைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றார். இந்த வாக்கியத்தை அவரே தினமும் கடையில் சொல்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்கிற யாரிடமும் சொல்கிறார். இருந்தும் விழுந்தார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி, ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மனைவி வெளியே வந்தாள். முன்னால் நின்று பார்த்தாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். ஒரு முழுச்சுற்று சுற்றி வந்தாள்.

"கலர் நல்லா இருக்கு" என்றாள்.

கண்ணாடிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். காரணம், கடையில் அவருக்கென்று ஒரு பாஷை உண்டு. "எடுப்பா இருக்கு" என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். "வித்தியாசமா இருக்கு" என்றால் வேறு ஒன்று பார்க்கலாம் என்று அர்த்தம். "போடப் போடப் பழகிடும்" என்றால் பில் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். இந்த மூன்றும் வாயில் வராத அளவுக்கு ஒரு பிரேம் ஒரு முகத்தில் உட்காரும்போது, கடைசிக் கட்டமாக, அவர் கலரைப் பாராட்டுவார்.

எட்டு வருஷமாக அந்தப் பதில் செருப்புக்குள் மணல் மாதிரி உறுத்திக்கொண்டு இருந்தது. எடுத்து உதறிவிட்டு நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளுடைய ரசனை எப்படிப்பட்டது என்று ஆராயப் போனால், அவள் பார்த்துச் சம்மதித்தவற்றில் அந்த வீட்டில் முதல் சாட்சியாக நிற்பது அவரேதான். அந்தப் பக்கம் ரொம்ப நோண்டாமல் இருப்பது நல்லது என்று விட்டுவிட்டார்.

இந்த மாசம்தான் மனைவி தலைமை நர்ஸ் ஆனாள். அதற்கு மறுவாரமே காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு, "நான் பஸ்ல போய்க்கறேன், நீங்க அவளை விட்டுட்டுப் போங்க" என்றாள். ஏன் என்று கேட்டார். பஸ் சௌகரியமாக இருக்கிறது என்றாள். அடுத்த நாள் கேட்டார். நேராகப் போகிறது என்றாள். நம்ம வண்டியும் நேராகத்தான் போகும் என்றார். அதற்குச் சிரித்தாள்.

சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மச்சினன் வந்திருந்தான். போன் கடை வைத்திருப்பவன், பழைய வண்டி வாங்கிக் கொடுப்பது விற்றுக் கொடுப்பது எல்லாம் அவனுக்குப் பொழுதுபோக்கு. அக்கா பஸ்ஸில் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் காரை ஒருமுறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"பின்ன என்ன மாமா. அக்கா இப்ப பெரிய ஆளு. டாக்டருங்கல்லாம் வந்து இறங்குற இடத்துல, இவ தவளையிலேருந்து குதிச்சா நல்லாவா இருக்கும்?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அன்று சாயங்காலமே வெல்வெட் தாள், மறுநாள் காலையில் கண்புரை.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் வெளுத்த விளக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். யாரோ, என்றார் கண்ணாடிக்காரர். புது விளக்கு வரவழைக்க நாளாகும், இந்த வண்டிக்கு எதுவுமே பக்கத்தில் கிடைக்காது, ஆனால் இன்ஜின் தங்கம் என்றார் மெக்கானிக். இன்ஜினை விடுங்கள், பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது, உள்ளதைச் சொல்லுங்கள் என்று கண்ணாடிக்காரர் கேட்டார். மெக்கானிக் கையிலிருந்த துணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். பானெட்டைத் தடவினார்.

"பார்க்கப் பார்க்கப் பழகிடும் சார்" என்றார்.

கண்ணாடிக்காரர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பானேன்.

அன்றைக்குக் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு அம்மாளுக்குப் பிரேம் மாட்டிவிட்டு முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்தபோது, எடுப்பா இருக்கு என்று வாய் தானாகத் திறந்தது. பாதியில் மூடிக்கொண்டார். அந்த அம்மாள் என்ன ஆச்சு, நல்லா இல்லையா என்றாள். உங்களுக்கு எப்படித் தோணுது என்று திருப்பிக் கேட்டார். அந்த அம்மாள் பயந்துபோய் நாளைக்கு வீட்டுக்காரரோடு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். உண்மை பேசினால் கடை என்ன ஆகும் என்பதை, உண்மையைப் பேசாமலேயே தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நடுவில் காலி சீட்டு. அதன்மேல் அவளுடைய புத்தகப் பை பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மா சீட் எப்படி இருக்கு என்று கேட்டார். காத்து நல்லா வருது, ஆனா நீங்க கேக்கறதுக்கெல்லாம் நானே பதில் சொல்ல வேண்டியிருக்கு, என்றாள் மகள். அதையும் அவர் ஒரு புகாராக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்திருந்தால் அங்கேயே எல்லாம் விளங்கியிருக்கும். அவர் எங்கே யோசித்தார்? மச்சினனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சொல்லிவிட்டார். வித்துடு மாப்ள, உங்க அக்காகிட்ட இப்ப சொல்லாத, வெள்ளையா ஒண்ணு பாரு, எல்லாரும் வச்சிருக்கற மாதிரி இருந்தாப் போதும். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்தபிறகு கடைக்கு வெளியே போய், காரின் நடுச்சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். எட்டு வருஷத்தில் அந்தச் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முட்டி இடித்தது.

புதன்கிழமை சாயங்காலம் மச்சினன் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தைகள் விளையாட்டுக்கூடம் நடத்துகிறவர், வாய் நிறையச் சிரிப்பு. காரைப் பார்த்ததும் கையைத் தட்டினார். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், பிள்ளைகளுக்கு உயிர் என்றார். எட்டு வருஷத்தில் அந்தக் காரைப் பார்த்து ஒரு மனிதர் முழு மனதோடு சந்தோஷப்பட்டது அதுதான் முதல்முறை. கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிஷமே வந்தவர் பையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்தார்.

ஓட்டுவதற்கு இல்லையாம். வாசலில் நிறுத்தி வைப்பதற்காம். இன்ஜினைக் கழற்றிவிட்டு, கதவுகளை எடுத்துவிட்டு, கூரையை வெட்டி மேலேயிருந்து ஒரு சறுக்குமரம் இறக்கினால், பிள்ளைகள் பின்னால் ஏறி முன்னால் இந்தப் புடைப்பு வழியாக வந்து விழலாம். அளந்துகொண்டே சொன்னார். முன்சீட்டு மூன்றையும் பிடுங்கிவிட்டால் உள்ளே பந்து நிரப்பலாம் என்றார்.

பள்ளிக்கூடச் சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் எழுந்தாள். அப்பாவின் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, அவர் ஏன் என்று கேட்பதற்குள் காரில் ஏறி, நடுச்சீட்டில் உட்கார்ந்து, எல்லாக் கதவையும் பூட்டி, பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்காரர் ஜன்னலைத் தட்டினார். அவள் நேராக ரோட்டைப் பார்த்தாள். மச்சினன் தட்டினான், ஐஸ்கிரீம் என்றான். அவனைப் பார்க்கவே இல்லை. விளையாட்டுக்கூடத்துக்காரர் பிள்ளைகளோடு பழகியவராச்சே, அவரும் குனிந்து முகத்தைக் கோணிக் காட்டினார். மகள் கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள்.

மனைவி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பும்போது அந்தச் சத்தம்தான் அவளை வரவேற்றது. வேலை முடிந்து வருகிற களைப்பில் மெல்லத்தான் வந்தாள். தம்பியைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற மகளைப் பார்த்தாள். தம்பி எல்லாவற்றையும் சொன்னான், உனக்காகத்தான்கா மாமா பண்றாரு என்று முடித்தான். அவள் வந்தவரிடம் மரியாதையாக, கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் ஒரு விரலால் தட்டினாள். பூட்டு திறந்துகொண்டது.

தன் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். "நீங்களும் ஏறுங்க" என்றாள்.

கண்ணாடிக்காரர் சுற்றிப் போய் ஸ்டியரிங் பக்கம் ஏறினார். கதவு மூடியதும் வெளிச்சத்தம் அடங்கியது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, மூன்று பேரும் வழக்கம்போல எதிரே இருந்த ரோட்டைப் பார்த்தார்கள். மச்சினனும் வந்தவரும் வாசல் கேட் அருகே போய் நின்று வேறு ஏதோ பேசுவதுபோலப் பேசினார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க. கேக்காம இருந்தாத்தான் அதிசயம்."

"முதல் நாள் இதைப் பார்த்துட்டு கலர் நல்லா இருக்குன்னு சொன்ன."

"நல்லாத்தானே இருக்கு."

"அது நான் கடையில சொல்றது. சொல்றதுக்கு வேற ஒண்ணுமே இல்லாதப்ப சொல்றது. எங்கிட்டயே அதைச் சொல்லாத. இந்த வண்டியில வந்து இறங்க உனக்கு வெக்கமா இருக்கா இல்லையா, அதை மட்டும் நேரா சொல்லிடு."

மனைவி குனிந்து செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். நேரான பதில் வராது, பஸ் நேராகப் போகிறது என்று ஏதாவது வரும் என்று அவர் தயாராக இருந்தார்.

"பார்க்க சகிக்கலைங்க" என்றாள். "அன்னிக்கும் சகிக்கல, இன்னிக்கும் சகிக்கல. ஆஸ்பத்திரி மாடியிலேருந்து பார்த்தா இன்னும் மோசம். நீங்க ஆசையா ஹாரன் அடிச்சுட்டு வந்து நின்னீங்க, அந்த மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்றது? அதான் கலரச் சொன்னேன்."

கண்ணாடிக்காரருக்கு எட்டு வருஷமாக இறுக்கமான பிரேமைப் போட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கழற்றினால் காதுக்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி வருமே, அந்த மாதிரி இருந்தது. அவர் நினைத்தது சரி. அவருடைய காது கெட்டுப்போகவில்லை. அதைவிட முக்கியம், சகிக்கல என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்தவள் இனிமேல் எதைச் சொன்னாலும் நம்பலாம். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். நடுவிலிருந்த மகள் அடக்கவில்லை.

"அப்ப பஸ்ல போறது அதுக்குத்தான்" என்றார்.

"அதுக்கு இல்ல." அவள் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தாள். "வெக்கமா இருந்தா எட்டு வருஷம் வந்திருப்பேனா? வார்டுக்குள்ள கால் வச்சதுலேருந்து ஆளாளுக்கு ஒரு கேள்வி. மருந்து எங்க, லீவு யாருக்கு, இது யாரு பண்ணணும், அது ஏன் பண்ணல. தலைமைன்னா பதில் சொல்ற வேலைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. காலையில பஸ்ல அரை மணி நேரம் என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கண்டக்டர்கூடக் கேக்க மாட்டாரு, பாஸ் வச்சிருக்கேன். நீங்க வண்டி எடுத்ததுலேருந்து நிறுத்துற வரைக்கும் கேள்வியாக் கேப்பீங்க. அந்த போர்டு என்ன, நேத்து என்ன சாப்பிட்டோம், அந்தப் பிரேம் அவருக்கு நல்லா இருந்துச்சா. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அதான் சொல்லல."

"எங்கிட்டயும் அப்படித்தான் கேக்கறாரு" என்றாள் மகள்.

கண்ணாடிக்காரருக்கு உடனே நான்கைந்து கேள்விகள் வந்தன. நான் அவ்வளவா கேக்கறேன் என்பது முதல் கேள்வி. வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். வெளியே மச்சினன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். விளையாட்டுக்கூடத்துக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பியாக வேண்டும். அதைக் கேட்டுவிடலாமா என்று மனைவியின் பக்கம் திரும்பினார், திரும்பியவர் மறுபடி ரோட்டையே பார்த்தார். காதுமடல் மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

மனைவி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மகளின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள்.

"காலையில பஸ். சாயங்காலம் இதுல வந்து கூட்டிட்டுப் போங்க, வாசல்லயே வந்து நில்லுங்க. விக்க வேண்டாங்க. எனக்கு இது வேணும்."